அப்பாவுக்கு மூத்த ஆவுடையப்பன்

வெள்ளரிக்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் பலவிதமாகப் பேசுவார்கள். அதெல்லாம் பொறாமை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஊர் அது, அவ்வளவுதான். "மழை வருது, குடையை விரி" என்றால் பாய் விரிப்பதுபோலத் தரையில் விரித்துவிட்டு, பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்பார்கள். பிடிக்கச் சொன்னால் பிடித்திருப்பார்கள். சொல்லவில்லையே.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தெட்டு. தங்கமான மனிதர். அவர் தெரு முனை திரும்பினால் முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார். மில்லில் அவருக்கு மூன்று ஆட்கள். கொம்பையா அரைப்பார். உலகநாதன் சலிப்பார். எந்தப் பை யாருடையது என்று மாடக்கண்ணு எழுதி வைப்பார். மாடக்கண்ணுவுக்கு எழுத நன்றாக வரும். படிப்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். மூன்று பேரும் முதலாளியை 'அண்ணாச்சி' என்பார்கள். அவருக்காக உயிரையும் கொடுப்பார்கள். யாரும் கேட்காததால் இதுவரை கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மனிதனுக்கு ஏன் முதுமை வருகிறது, அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறவர். எடை மிஷின் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஏறி நின்று, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டால், அது 'கீ' என்று ஒரு சத்தம் போட்டு எண் காட்டும்.

ஆவுடையப்பன் ஏறி நின்றார்.

"உங்க வயசு என்ன ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஐம்பத்தெட்டு."

"உங்க உடம்போட வயசு எழுபத்தெட்டு."

ஆவுடையப்பன் தனக்குப் பின்னால் வேறு யாராவது ஏறி நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"பிறந்த தேதியை வெச்சுச் சொல்றது ஒரு வயசு," என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "ரத்தக்குழாய், தசை, கொழுப்பு இதெல்லாம் எந்த நிலையில இருக்குன்னு பார்த்துச் சொல்றது இன்னொரு வயசு. இந்த ரெண்டாவதுதான் உங்க நிஜ வயசுன்னு வெச்சுக்குங்களேன்."

"சரிம்மா, வெச்சுக்கிடுதேன்," என்றார் ஆவுடையப்பன். அன்றிலிருந்து வைத்துக்கொண்டார்.

அடுத்ததாக அவருடைய அப்பா பிச்சாண்டி ஏறினார். எழுபத்தாறு வயது. பனங்குச்சி போல இருப்பார். நாள் தவறாமல் வயலுக்கு நடந்து போய், நடந்து வருகிறவர். மிஷின் 'கீ' என்றது. அறுபத்தொன்பது.

டாக்டரம்மா பாராட்டிச் சிரித்தார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உடனே ஆலோசனை கூடியது.

"அண்ணாச்சிக்கு எழுபத்தெட்டு. பெரியவருக்கு அறுபத்தொன்பது," என்றார் உலகநாதன். "அண்ணாச்சி ஒன்பது வருஷம் மூப்பு."

"அப்ப யாருவே அப்பா?" என்றார் கொம்பையா.

இது நியாயமான கேள்வி என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"மூத்தவருதான் அப்பா," என்றார் உலகநாதன்.

"அது எப்படி? பெரியவர் பொறக்கும்போது அண்ணாச்சிக்கு ஒன்பது வயசு," என்றார் மாடக்கண்ணு. "ஒன்பது வயசுல யாருக்குவே கல்யாணம் ஆகும்? அதனால அண்ணாச்சி அப்பா கிடையாது. அண்ணன்."

கணக்கு என்று வந்துவிட்டால் மாடக்கண்ணுவை மிஞ்ச ஆள் இல்லை.

பிச்சாண்டி பெருந்தன்மையான மனிதர். வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தார். "அண்ணன் நிக்கும்போது தம்பி உக்காரக் கூடாது," என்று சொல்லி, மகன் காலில் விழுந்தார். ஆவுடையப்பனும் கண்ணில் நீர் தளும்ப, "நல்லா இருப்பா தம்பி," என்று ஆசீர்வாதம் செய்தார்.

ஆவுடையப்பனின் அம்மா இசக்கியம்மாளுக்கு எழுபத்துநாலு வயது. அவர் வெள்ளரிக்குளத்தில் பிறந்தவர் அல்ல, வாழ்க்கைப்பட்டு வந்தவர். இந்த ஊரோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்று கல்யாணமான மறுநாளே கண்டுகொண்டு, அன்றிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவர்.

"அப்ப நான் ஒனக்கு என்னலே வேணும்?" என்று கேட்டார்.

"தம்பி பெஞ்சாதி," என்றார் மாடக்கண்ணு.

"அப்படியா? அப்ப அவன் எனக்குப் புருஷனோட அண்ணன், மச்சாண்டார். மச்சாண்டார் முன்னால நான் நிக்கக் கூடாதே," என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அன்று மத்தியானம் ஆவுடையப்பனுக்கு யாரும் சோறு போடவில்லை.

பசியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆவுடையப்பனுக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளரிக்குளத்தில் பெரும்பாலும் எல்லாரும் எண்பதில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தனக்கோ எழுபத்தெட்டு. கையிலிருக்கிற விரலை மடக்கிப் பார்த்தார். இரண்டு விரல்தான் மடங்கியது.

"வடிவு, எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான்," என்று மனைவியிடம் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. "நேத்து ராத்திரி படுக்கும்போதுகூட இருபத்திரண்டு இருந்துச்சு."

சண்முகவடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எழுபத்தெட்டு வயசுக்காரருக்கா என்னைக் கட்டிக்குடுத்தாங்க! எங்கப்பா விசாரிக்கலியே! உக்காந்து அழுதுட்டு இருக்கீங்களே, அந்த அம்மா ஊருக்குப் போறதுக்குள்ள ஓடிப்போய் என்ன செய்யணும்னு கேளுங்க."

நான்கு பேரும் ஓடினார்கள். டாக்டரம்மா வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். ஆவுடையப்பன் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, போன இருபது வருஷத்தைத் திருப்பிப் புடிக்கணும். நீங்க என்ன சொன்னாலும் செய்யுதோம். அப்படியே செய்யுதோம்."

அந்தக் கடைசி வார்த்தையின் கனம் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவர் வெளியூர்.

"பயப்படாதீங்க, குறைக்கலாம்," என்றார். "முதல்ல வாயைக் கட்டணும். எப்பவும் அரை வயித்துக்குத்தான் சாப்பிடணும். எலிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சாப்பாட்டுல பாதி குடுத்த எலிங்க மத்த எலிங்களைவிட ரொம்ப நாள் உயிரோட இருந்துச்சு. அப்புறம் தினமும் பத்தாயிரம் அடி. ஒரு நாள்கூட விடக் கூடாது."

"பத்தாயிரம் அடியா!" ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. "உடம்பு தாங்குமாம்மா?"

"முதல் நாலஞ்சு நாள் கால் வலிக்கும். பழகிட்டா உங்களுக்கே சந்தோஷமா இருக்கும்."

"நானா தனியாவா?"

"கூட நண்பர்கள் இருந்தா ரொம்ப நல்லது. அவங்க விட மாட்டாங்க, பாருங்க."

"நாங்க விட மாட்டோம்," என்று மூன்று பேரும் உறுதி கொடுத்தார்கள்.

"இன்னொண்ணு. கவலை ஏதாவது இருந்தா அதைத் தூக்கி எங்கேயாவது விட்டுடுங்க. மூணு மாசம் கழிச்சு இங்கேயே வருவேன். அப்ப பார்க்கலாம்."

எல்லாவற்றையும் மாடக்கண்ணு ஒரு எழுத்து விடாமல் கோதுமைப் பையின் மேல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை மில் திறந்ததும் முதல் வேலையாக வாயைக் கட்டினார்கள். கயிற்றால் கட்டலாமா துண்டால் கட்டலாமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். கயிறு மாட்டுக்குக் கட்டுவது, முதலாளிக்குத் துண்டுதான் மரியாதை என்று முடிவானது. கொம்பையா நல்ல ஈரிழைத் துண்டாகப் பார்த்து மூன்று முடிச்சுப் போட்டார்.

அன்று மிளகாய் அரைத்த மிஷினில் கொம்பையா கோதுமையைக் கொட்டினார். கழுவித் துடைத்துவிட்டுக் கொட்ட வேண்டும் என்று தினமும் ஆவுடையப்பன்தான் சொல்லுவார். அன்றும் சொன்னார். "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"அண்ணாச்சி சந்தோஷமா இருக்காரு," என்றார் உலகநாதன். "பாட்டு வருது பாரும்."

அன்று மாலை வெள்ளரிக்குளத்தில் சப்பாத்தி சாப்பிட்ட அத்தனை பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். குளத்து நீர் ஒரு படி இறங்கியதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தபோது இன்னொரு சிக்கல். வாயைக் கட்டச் சொன்ன டாக்டரம்மா, அவிழ்க்கச் சொல்லவில்லை. பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை. இரண்டு வேளை பட்டினி கிடந்த பிறகு சண்முகவடிவு அரிவாள்மணையோடு வந்து துண்டை அறுத்துவிட்டாள். சாப்பிடும்போது அவிழ்ப்பது, மற்ற நேரமெல்லாம் கட்டுவது என்று பேசி முடித்தார்கள். அதோடு பத்து மணி வடை, பதினொரு மணி முறுக்கு, நாலு மணி அதிரசம் எல்லாம் நின்றுபோயின. துண்டைத் தாண்டி எதுவும் உள்ளே போக வழியில்லை.

அடுத்தது அரை வயிறு.

"எந்த அரை?" என்றார் உலகநாதன்.

"மேல் பாதின்னு வெச்சா, கீழ்ப் பாதியை நிரப்பாம மேல எப்படி நிக்கும்? சரிஞ்சுருமே," என்றார் கொம்பையா.

"அப்ப எடப்பக்கம் இல்லாட்டி வலப்பக்கம்," என்றார் மாடக்கண்ணு. "நெஞ்சு எடப்பக்கம் இருக்கு. அதுக்குத்தான் பலம் வேணும். எடப்பக்கத்தை நிரப்புவோம்."

ஆக, ஆவுடையப்பன் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். வலப்பக்கம் சோறு போய்விடாமல் இருக்க, கொம்பையா அந்தப் பக்கத்து விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்வார். இந்தத் தோரணையில் ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிட முடியும்? சாம்பார் காதுக்குப் போகும். ரசம் சட்டைக்குள் போகும். மோர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பாதிச் சாப்பாட்டில் அவரே போதும் என்று எழுந்துவிடுவார்.

மீதிப் பாதி எலிகளுக்கு. 'சாப்பாட்டுல பாதி குடுத்த எலி' என்று பையில் தெளிவாக இருந்தது. முதலாளி சாப்பாட்டில் பாதியை எலிக்குக் கொடுத்தால் ஆயுசு கூடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாருடைய ஆயுசு என்பதைப் பற்றி மட்டும் சிறு விவாதம் நடந்தது.

"எலி ஆயுசுதான்னு சொன்னாங்க," என்றார் உலகநாதன்.

"எலியோட ஆயுசுல பாதியை அது நமக்குக் குடுக்கும்வே," என்றார் கொம்பையா. "ஒருத்தர் சோத்தைத் தின்னுட்டுச் சும்மாவா இருப்பாங்க?"

மாவு மில்லில் எலிக்கா பஞ்சம். வேளா வேளைக்கு வாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு, பொரியல், அப்பளத்தோடு பரிமாறினார்கள். பதினைந்தே நாளில் எலிகள் மினுமினுவென்று ஆயின. பக்கத்துத் தெருப் பூனை ஒன்று ஒருநாள் மில்லுக்குள் எட்டிப் பார்த்தது. ஒரு எலி திரும்பி அதைப் பார்த்தது. பூனை, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் செய்வது போல, மெதுவாகப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறியது.

இதெல்லாம் சின்ன விஷயம். பத்தாயிரம் அடிதான் பெரிய விஷயம்.

"எதால அடிக்கிறது?" என்று கொம்பையா கேட்டார்.

விளக்குமாறு என்று உலகநாதன் சொன்னதும் எல்லாரும் அவரைக் கோபமாகப் பார்த்தார்கள். முதலாளியை விளக்குமாற்றால் அடிப்பார்களா? மில்லின் பெல்ட்டால் அடிக்கலாம் என்றார் கொம்பையா. அது அறுந்துவிட்டால் மில் நின்றுவிடும் என்று ஆவுடையப்பனே மறுத்தார். கடைசியில் பூவரசங் கம்பு என்று ஏகமனதாக முடிவானது. பிச்சாண்டியையும் கூப்பிட்டார்கள். "அண்ணனைக் கை நீட்டி அடிக்க மாட்டேன்," என்று அவர் அழுதுகொண்டே போய்விட்டார்.

"அண்ணாச்சி, முதல்ல கால்தான் வலிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால கால்லதான் அடிக்கணும்," என்றார் மாடக்கண்ணு. "வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கிடுங்க."

கொம்பையா அடித்தார். உலகநாதன் எண்ணினார். "முப்பத்தஞ்சு... முப்பத்தாறு..."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருத்தி வந்து, "அண்ணே, கேழ்வரகு எத்தனை படி இருக்கு பாருங்க," என்றாள்.

"எட்டு," என்றார் உலகநாதன். "ஒன்பது... பத்து..."

"எலே, முப்பத்தாறுலல்லா இருந்தோம்!" என்று அலறினார் ஆவுடையப்பன். அன்றைக்கு அவர் வாயில் துண்டு இல்லை. அடி வாங்கும்போது கத்துவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கருணையோடு அவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"சந்தேகம் வந்துட்டா முதல்ல இருந்து எண்ணுறதுதான் நேர்மை," என்றார் மாடக்கண்ணு. முதலில் இருந்து எண்ணினார்கள். அன்று நான்கு தடவை முதலில் இருந்து எண்ணினார்கள்.

மூன்று நாள் ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆயுசு என்றால் சும்மாவா? நான்காம் நாள் காலையில் கொம்பையா கம்பை எடுத்ததும், தானாகவே அவர் கால்கள் ஓட ஆரம்பித்தன. மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள்.

"அண்ணாச்சி, நில்லுங்க! இன்னைக்குப் பத்தாயிரமும் பாக்கி இருக்கு!"

"இருக்கட்டும்லே! நாளைக்கு வாங்கிக்கிடுதேன்!"

"ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணாச்சி! ஒங்க நன்மைக்குத்தான்!"

குளத்தைச் சுற்றினார்கள். களத்துமேட்டைச் சுற்றினார்கள். அம்மன் கோவிலைச் சுற்றினார்கள். கோவிலை மட்டும் எல்லாரும் மூன்று சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி துரத்தினார்கள். தினமும் காலையில் இது நடந்தது. ஊர் மக்கள் அந்த நேரத்துக்கு வேலையை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வாரம் ஆவுடையப்பன் களத்துமேட்டிலேயே மாட்டிக்கொள்வார். இரண்டாம் வாரம் குளத்தின் மறுகரை வரை தாக்குப்பிடித்தார். ஒரு மாதம் ஆனபோது, அவர் ஒரு சுற்று முடித்துவிட்டு இவர்களுக்குப் பின்னால் வந்து, "என்னவே, இன்னைக்குத் துரத்தலியா?" என்று கேட்டுவிட்டு முந்திக்கொண்டு போனார்.

கவலையை எங்கே விடுவது என்பது மட்டும் பாக்கி இருந்தது.

"ஒங்க கவலை எது அண்ணாச்சி?" என்று ஒருநாள் உலகநாதன் கேட்டார்.

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "என் மச்சினன் தளவாய்தான்."

தளவாய், சண்முகவடிவின் தம்பி. ஒரு நாள் விருந்துக்கு என்று வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தினமும் காலையில் ஏப்பம் விட்டுவிட்டு, "அத்தான், மாவு மில்லுக்கு எதிர்காலம் இல்லை," என்று ஆரம்பிப்பார். மத்தியானச் சாப்பாடு வரை எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார்.

மூன்று பேரும் தளவாயை பஸ்ஸில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோய், பஸ் நிலையத்தில் இறக்கினார்கள். எதையும் மறைக்கவில்லை. "அண்ணாச்சி ஒம்மை இங்க விட்டுட்டு வரச் சொன்னாரு," என்று மரியாதையாகச் சொன்னார்கள். தளவாயும், "சரி, விட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். விடப் போனவர்கள்தான் மறுநாள் காலையில் வந்தார்கள். விட்டுவிட்டு எப்படித் திரும்புவது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இரண்டாவது தடவை செங்கோட்டையில் விட்டார்கள். வந்துவிட்டார். மூன்றாவது தடவை அதையும் தாண்டி, மலை அடிவாரத்தில் விட்டார்கள். அங்கே ஒரு பரோட்டாக் கடை இருந்தது. தளவாய் திரும்பி வரவில்லை. பரோட்டாவின் எதிர்காலத்தைப் பற்றி அந்தக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. சண்முகவடிவு தம்பியை நினைத்து இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். அதன் பிறகு அழவில்லை.

அன்று ஆவுடையப்பன் தூங்கிய தூக்கத்தைப் பதினோரு வருஷமாக யாரும் பார்த்ததில்லை.

மூன்று மாதம் ஆனது. டாக்டரம்மா சொன்னபடி வந்தார். ஆவுடையப்பன் மிஷினில் ஏறி நின்றார். இப்போது வயிறு அவரோடு சேர்ந்தே நடந்தது. 'கீ' என்றது. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். மிஷினைத் தட்டினார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.

"அறுபது," என்றார் மெல்ல. "மூணு மாசத்துல பதினெட்டு வருஷம் குறைஞ்சிருக்கு. என்னோட சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததே இல்லை. இதை நான் எழுதணும். என்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க."

பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதைத்தான்மா செஞ்சோம்," என்றார் கொம்பையா. "தினம் காலையில நாங்க மூணு பேரும் அண்ணாச்சியை அடிச்சோம்."

டாக்டரம்மா பேனாவை வைத்த இடத்திலேயே வைத்திருந்தார்.

"எலிக்கு இலை போட்டோம்," என்றார் உலகநாதன்.

"மச்சினனை மலையடிவாரத்துல விட்டோம்," என்றார் மாடக்கண்ணு.

டாக்டரம்மா பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எதுவா இருந்தாலும் நல்லா வேலை செய்யுது," என்றார். "இதை மட்டும் நிறுத்திடாதீங்க. இப்படியே போனா இன்னும் குறையும்."

நான்கு பேரும் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். பாதி வழியில் மாடக்கண்ணு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"என்னவே?" என்றார் கொம்பையா.

"மூணு மாசத்துல பதினெட்டு. அப்ப மாசத்துக்கு ஆறு வருஷம் குறையுது. இப்ப அறுபது." மாடக்கண்ணு விரலை மடக்கினார். கைவிரல் பத்தும் மடங்கிய இடத்தில் நிறுத்தினார். "பத்தாவது மாசம் அண்ணாச்சிக்கு வயசு சைபர்."

தூரத்தில் ஒரு கொக்கு கத்தியது.

"சைபர்னா?" என்றார் ஆவுடையப்பன்.

"பொறக்கிற அன்னைக்கு எல்லாருக்கும் சைபர்தானே அண்ணாச்சி."

"நிறுத்திப் பார்ப்போமா?" என்றார் உலகநாதன்.

"நிறுத்தக் கூடாதுன்னு இப்பத்தானேவே சொல்லி அனுப்பினாங்க," என்றார் மாடக்கண்ணு.

அதற்கு மேல் யாருக்கும் வழி தெரியவில்லை. கொம்பையாதான் மெதுவாக ஆரம்பித்தார். "பத்து மாசம்னா... கணக்கு சரியாத்தான இருக்கு? பிள்ளைன்னா பத்து மாசம்தான்."

"ஆமா," என்றார் மாடக்கண்ணு. கண்கள் விரிந்தன. "அப்ப இன்னைக்குத்தான் அவங்கம்மா வயித்துல அண்ணாச்சி உண்டாகியிருக்காரு."

ஆவுடையப்பன் வெட்கத்தோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போகிற வழியில் கற்கண்டு வாங்கிக்கொண்டு போய், பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளிடம் நீட்டினார்கள். "பெரியம்மா, நல்ல சேதி," என்று உலகநாதன் ஆரம்பித்து, மற்ற இருவரும் முடித்தார்கள்.

அறுபதுக்கு இறங்கியவர் இனி மச்சாண்டார் இல்லை என்பதால் இசக்கியம்மாள் கதவுக்குப் பின்னால் போகவில்லை. ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மாங்கா வேணும்," என்றார்.

கொம்பையா மாங்காய்க்கு ஓடினார்.

"குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யக் கூடாதாம். இந்த உளுந்தை யாராவது புடைங்க."

உலகநாதன் முறத்தை வாங்கிக்கொண்டார். சலிப்பவர்தான், ஆனாலும் புடைத்தார்.

சேதி கேட்ட பிச்சாண்டி, மூலையில் நின்று தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "நான் ஒண்ணுமே செய்யலியே," என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு என்று மாடக்கண்ணு குறித்தபோது இசக்கியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழாம் மாசம் வரைக்கும் ஆரு காத்துக் கிடக்கிறது? வெள்ளிக்கிழமையே வைங்க. புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு எல்லாம் வேணும். சர்க்கரைப் பொங்கல்ல முந்திரி தாராளமா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஊரே கூடி வளையல் போட்டது. கை நிறையக் கண்ணாடி வளையலோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இசக்கியம்மாள் மணையில் உட்கார்ந்து ஐந்து வகைச் சோற்றையும் ஒரு கை பார்த்தார். வருகிற பிள்ளையும் வரிசையில் நின்று, அம்மா கன்னத்தில் சந்தனம் பூசி, விழுந்து கும்பிட்டது.

இசக்கியம்மாள் அவர் தலையில் கை வைத்தார். வளையல் குலுங்கியது.

"ஆவுடை, ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி நான் பொட்டப்பிள்ளைதான் கேட்டேன். நீ வந்துட்டே. போகட்டும். இந்தத் தடவை எனக்குப் பொட்டப்பிள்ளைதான் வேணும்."

ஆவுடையப்பன் எழுந்து வந்து மூன்று பேரையும் தனியே கூப்பிட்டார்.

"அம்மா வார்த்தையை எப்படி மீறுறது?" என்றார் கலங்கிப்போய்.

"மீறவே கூடாது அண்ணாச்சி," என்றார் கொம்பையா.

"பேரு?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆவுடையம்மாள்," என்றார் மாடக்கண்ணு சட்டென்று. "மில் போர்டுல 'ப்பன்'னை அழிச்சிட்டு 'ம்மாள்' போட்டா முடிஞ்சுது. அதிகப் பெயிண்டு ஆகாது."

சண்முகவடிவு இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான்கு பேரும் கடைத்தெருவில் ஆசாரி வள்ளிமுத்துவின் பட்டறைக்குப் போனார்கள். வள்ளிமுத்துவும் வெள்ளரிக்குளத்துக்காரர்தான்.

"மூக்குக் குத்தணும்," என்றார் உலகநாதன்.

"ஆருக்கு?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து நின்றார். விஷயத்தை விளக்கினார்கள்.

"பொறந்த பிறகு குத்தினா பச்சப்பிள்ளை அழும்," என்றார் கொம்பையா. "இப்பவே குத்திட்டா அந்தக் கஷ்டம் இல்லைல்லா?"

ஆசாரி ஊசியைக் கையில் எடுத்து, ஆவுடையப்பனை மேலும் கீழும் பார்த்து, நெடுநேரம் யோசித்தார்.

"நீங்க சொல்லுதது நியாயந்தான்," என்றார். "ஆனா எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. கழுத்து நிக்காத பிள்ளைக்கு நான் தனியா குத்துறதில்லை. தலையை ஒருத்தர் நல்லாத் தாங்கிப் புடிங்க. ஒருத்தர் மடியில போட்டுக்கிடுங்க. இன்னொருத்தர் முன்னால நின்னு கிலுகிலுப்பையை ஆட்டுங்க."